நடக்கதுக்கு எடம்: சுசீந்திரம் தெருவுல இருந்து ஒரு இழை

கொஞ்சம் நீளமான இழை மக்களே. அவசரமா இருந்தா சேமிச்சு வச்சுட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் படிங்க.

போன மாசம் ஓபியில ஒரு அம்மா. ஐம்பதைத் தாண்டிய வயசு. வீடு சுசீந்திரம் பக்கம், மெயின் ரோட்டு மேலேயே. ஏழெட்டு வருஷமா சுகர். மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாங்க, சீனி தொடறதில்ல. ஆனாலும் மூணு மாச சராசரி 9-க்குக் கீழ எறங்க மாட்டேங்குது.

எல்லாரிட்டயும் சொல்றதையே அவங்ககிட்டயும் சொன்னேன். "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா."

அவங்க என்னைய ஒரு மாதிரி பாத்தாங்க. "எங்க போயி நடக்க மக்களே? வாசப்படி எறங்குனா ரோடு. ரோட்டுல எறங்குனா டாரஸ் லாரி. நடந்து சுகர் கொறையுகதுக்கு முன்னாடி நானே கொறைஞ்சு போவேன்."

பக்கத்துல நின்ன சிஸ்டர் சிரிச்சுட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னா இத்தனை வருஷமா "நடங்க"ன்னு மட்டும்தான் சொல்லிட்டு இருக்கேன். எங்க நடக்கணும்னு ஒருத்தருக்கும் சொன்னதில்ல.

அந்த அம்மா போனப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அதே சுசீந்திரத்துல, ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னாடி, "இந்தத் தெருவுல நடக்க விடுங்க"ன்னு போராடினவங்களுக்குத் தலைமை தாங்குனதும் ஒரு டாக்டர்தான். அவரைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு பஸ் கதை.

1940-கள் கடைசி, லண்டன். ஜெர்ரி மோரிஸ்னு ஒரு மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்கள் ஆயிரக்கணக்கான பேரோட உடல்நிலைக் கணக்கை எடுத்துப் பாத்தார். டிரைவரும் கண்டக்டரும் ஒரே வர்க்கம், ஒரே பஸ், ஏறக்குறைய ஒரே சம்பளம், ஒரே சாப்பாடு. ஆனா மாரடைப்பு மட்டும் டிரைவர்களுக்கு அதிகம். கண்டக்டருக்கு வந்தாலும் அதனால சாகிறது குறைவு.

என்ன வித்தியாசம்? அந்த ஊர் பஸ் ரெண்டு மாடி. டிரைவர் நாள் முழுக்க சீட்டுல உக்காந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் போட ஒரு ஷிஃப்ட்டுக்கு ஐந்நூறு, அறுநூறு படி ஏறி எறங்குவார். 1953-ல லான்செட் இதழ்ல இது வந்துச்சு. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை நவீன மருத்துவம் எண்ணிக் காட்டினது கிட்டத்தட்ட இங்கதான் தொடங்குது.

(நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன். பிறகு மோரிஸ் குழுவே யூனிஃபார்ம் அளவுகளை எடுத்துப் பாத்துச்சு. டிரைவர்களோட இடுப்புச் சுற்றளவு வேலைக்குச் சேரும்போதே கொஞ்சம் அதிகம்தான். அதனால எல்லாப் புண்ணியத்தையும் படிக்கட்டுக்கே எழுதி வைக்க முடியாது. ஆனா அதுக்கப்புறம் வந்த எத்தனையோ ஆய்வுகள் அடிப்படையை உறுதி செஞ்சிருக்கு.)

எனக்கு இதுல பிடிச்ச விஷயம் வேற. அந்தக் கண்டக்டர்கள்ல ஒருத்தரும் உடற்பயிற்சி செய்யல. ஜிம்முக்குப் போகல, சபதம் எடுக்கல. பஸ்ஸைக் கட்டினவன் படிக்கட்டு வச்சான், அவங்க ஏறுனாங்க, அவ்வளவுதான். மனுசன் எவ்வளவு நடக்கான்ங்கிறதை அவனோட மனவுறுதியை விட அவனைச் சுத்தி இருக்கிற அமைப்பு அதிகமா முடிவு பண்ணுது.

சரி, இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

நாஞ்சில் நாடு நடக்கிறவங்களுக்காகவே அமைஞ்ச ஊர்னு சொன்னா மிகையில்ல. கோயில், அதைச் சுத்தி தேரோடும் வீதி, பக்கத்துல குளம், குளத்துல இருந்து வயலுக்குக் கால்வாய், கால்வாய்க் கரை மேல ஒத்தையடிப் பாதை. எல்லாம் கால்நடை தூரம். பெரிய பாதைகள்ல வழிப்போக்கர் தங்கக் கல்மண்டபம், வெயில் காலத்துல தண்ணிப் பந்தல், அப்புறம் சுமைதாங்கிக் கல். எங்க பக்கம் சுமடுதாங்கின்னும் சொல்வாங்க.

இந்தக் கல்லைத் தெரியாத பிள்ளைகளுக்காக: ஆள் உயரத்துக்கு ரெண்டு கல் நட்டு, மேல ஒரு கல் குறுக்க கிடக்கும். தலைச்சுமையோட நடந்து வர்ற ஆள் யாரையும் உதவிக்குக் கூப்பிடாம, குனியாம, சுமையை அப்படியே அதுல எறக்கி வச்சு இளைப்பாறலாம். திரும்பத் தலையில ஏத்தவும் சுலபம். கடற்கரையில இருந்து மீன் கடவத்தைத் தலையில வச்சு உள்நாட்டு ஊர்களுக்கு நடந்தே வந்த பெண்களை நினைச்சுப் பாருங்க. எலும்பு மூட்டு டாக்டரா யோசிச்சா, கழுத்தும் இடுப்பும் தப்பிக்க இதை விட நல்ல தெருச் சாமான் கிடையாது. கர்ப்பத்தோட இறந்துபோன பெண்ணோட நினைவா இதை வைக்கிற வழக்கமும் தமிழ்நாட்டுல உண்டு. எறக்க முடியாமப் போன அவளோட சுமைக்காக ஊருக்கு ஒரு சுமைதாங்கி. பிரசவ மரணங்களைக் கல்லுல எழுதி வச்ச கணக்கு மாதிரி தோணும் எனக்கு.

இந்த இடத்துல வழக்கமா ஒரு ஃபார்வர்டு மெசேஜ் வரும். "அந்தக் காலத்துல எல்லாரும் நடந்தாங்க, நோயில்லாம நூறு வயசு வாழ்ந்தாங்க." அப்படி இல்ல மக்களே. காலையும் மாலையும் பனையேறின ஆளு ஆரோக்கியத்துக்காக ஏறல. விழுந்து இடுப்பொடிஞ்சா பாக்க நாதியில்ல. சம்பளமில்லாத ஊழிய வேலைக்குச் சுமை தூக்கி நடந்தவன் காலரி எண்ணல. காலராவும் பிரசவமும் பட்டினியும் கொன்ன காலம் அது. பழசைப் புகழ எனக்கு ஆசையில்ல.

அதை விட முக்கியமான விஷயம்: நடக்கிறதுக்காக அமைஞ்ச அந்தத் தெருக்கள்ல நடக்க நிறைய பேருக்கு அனுமதியே இல்ல.

அப்ப இது திருவிதாங்கூர் சமஸ்தானம். எந்தச் சாதிக்காரர் யாருக்கு எத்தனை அடி தள்ளி நிக்கணும்னு கணக்கு வச்சிருந்த ஊரு. கோயிலைச் சுத்தின தெருக்கள் "தீண்டத்தகாதவர்"னு ஒதுக்கப்பட்டவங்களுக்கு மூடிக் கிடந்துச்சு. 1865-ல அரசாங்கம் பொதுச்சாலைகள் எல்லாச் சாதிக்கும் பொதுன்னு அறிவிச்சுது. 1884-ல திரும்பவும் சொல்ல வேண்டி வந்துச்சு. அறிவிப்பு வந்தா ஆச்சா? சாலையை ரெண்டா பிரிச்சாங்க: ராஜவீதி, கிராமவீதி. அறிவிப்பு ராஜவீதிக்குத்தான், கிராமவீதிக்கு இல்லன்னு சட்ட விளக்கம் வந்துச்சு. கோயிலைச் சுத்தின தெரு கிராமவீதி. முடிஞ்சு போச்சு.

சட்டத்தைப் போட்டுட்டு, அது எந்தத் தெருவுக்குப் பொருந்தாதுன்னு தேடுற வேலை இன்னைக்கும் நடக்கு. அதைப் பிறகு சொல்றேன்.

1924 மார்ச் 30. வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுத்தின தெருக்கள்ல நடக்கிற உரிமைக்காகச் சத்தியாகிரகம் தொடங்குது. கவனிங்க, கோயிலுக்குள்ள போறதுக்காக இல்ல, தெருவுல நடக்கதுக்காக. முதல் நாள் மூணு பேர் நடந்து போய்க் கைதானாங்க. அப்புறம் பெரியார் வந்தது, சிறை போனது எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

அந்தப் போராட்டத்துல நம்ம ஊர் பங்கை அதிகம் பேர் பேசறதில்ல. 1924 நவம்பர்ல, ஒடுக்கப்பட்டவங்களுக்குத் தெருவைத் திறந்து விடணும்னு கேட்டு மேல்சாதியினரே ரெண்டு நடைப்பயணம் போனாங்க. வடக்க வைக்கத்துல இருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையில ஒண்ணு. தெற்கே நாஞ்சில் நாட்டுல இருந்து டாக்டர் எம்.இ. நாயுடு, அதாவது எம்பெருமாள் நாயுடு தலைமையில ஒண்ணு. கோட்டாறுல வைத்தியம் பாத்த டாக்டர். ரெண்டும் திருவனந்தபுரத்துல சேந்துச்சு. 25,000 பேருக்கு மேல கையெழுத்துப் போட்ட மனுவை ரீஜண்ட் மகாராணி சேது லட்சுமி பாயிகிட்ட கொடுத்தாங்க.

நாகர்கோவில்ல இருந்து திருவனந்தபுரம் அறுபது, எழுபது கிலோமீட்டர் வரும். அடுத்தவங்க நடக்கிற உரிமைக்காக ஒரு டாக்டர் அத்தனை தூரம் நடந்திருக்காரு. "வாக்கிங் போங்க"ன்னு சீட்டுல எழுதிக் கொடுக்கிறது எவ்வளவு சுலபம்!

மனு என்னாச்சு? 1925 பிப்ரவரியில சட்டசபையில தீர்மானம் ஓட்டுக்கு வந்துச்சு. ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரே ஓட்டு! கடைசியில 1925 நவம்பர்ல ஒரு சமரசம். வைக்கம் கோயிலோட மூணு பக்கத் தெருவும் திறந்துச்சு, கிழக்குப் பக்கம் திறக்கல.

இங்க ஒரு சின்ன விலகல், பொறுத்துக்கோங்க. அதே 1924-ல நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைச் சேந்த டாக்டர் ஹோவர்டு சாமர்வெல் எவரெஸ்ட் போயிருந்தார். ஜூன் மாசம் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாம ஏறக்குறைய 28,000 அடி உயரம் வரைக்கும் ஏறினார். திரும்பி வந்து நெய்யூர்ல வயித்துப்புண் ஆபரேஷன் பண்ணிட்டு இருந்தார். நெய்யூருக்கும் சுசீந்திரத்துக்கும் ரொம்ப தூரமில்ல. நம்ம ஊர்ல வைத்தியம் பாத்தவர் எவரெஸ்ட்ல ஏறலாம், அவர்கிட்ட வைத்தியம் பாத்துக்கிட்டவர் சுசீந்திரத்துல ஒரு தெருவைக் கடக்க முடியாது. அந்த 1924 அப்படித்தான் இருந்துச்சு.

வைக்கம் முடிஞ்ச கையோட 1926-ல சுசீந்திரம் சத்தியாகிரகம். தாணுமாலயன் கோயிலைச் சுத்தின தெருக்கள்ல எல்லாரும் நடக்கணும். முன்ன நின்னது அதே டாக்டர் நாயுடுதான். கூட காந்திராமன் பிள்ளை மாதிரி ஆட்கள். பேச்சுவார்த்தை, வாக்குறுதி, நிறுத்தி வைப்பு. ஒண்ணும் நடக்கல. 1930-ல திரும்பவும் தொடங்குனாங்க.

1936 நவம்பர் 12-ல சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். கோயிலே திறந்தப்புறம் தெருவை மூடி வைக்க முடியுமா? 1937 ஜனவரியில காந்தி திருவிதாங்கூர்ல கோயில் கோயிலா போனப்ப சுசீந்திரத்துக்கும் வந்தார்.

1865-ல எழுதின ஒரு வரி, தெருவுல மனுசன் காலா மாற 71 வருஷம் ஆச்சு.

இப்ப நான் சொல்லப் போறதைக் கவனமா படிங்க. சாதி வச்சுத் தெருவை மூடினதும், இன்னைக்கு லாரி பயத்துல நடக்க முடியாததும் ஒண்ணுன்னு நான் சொல்லல. அது அவமானம், இது அலட்சியம். ரெண்டையும் ஒரே தராசுல வைக்கக்கூடாது. ஆனா ரெண்டு இடத்துலயும் கேள்வி ஒண்ணுதான்: இந்தத் தெரு யாருக்கு?

1956 நவம்பர் 1-ல அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் சேந்து கன்னியாகுமரி மாவட்டமா தமிழ்நாட்டோட இணைஞ்சோம். சின்ன மாவட்டம், 2011 கணக்குப்படி 18.7 லட்சம் ஜனம். எங்க பாத்தாலும் வீடு. ஒரு ஊர் எங்க முடியுது, அடுத்த ஊர் எங்க தொடங்குதுன்னு வெளியூர்க்காரனுக்குப் புரியாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடை, சர்ச், கோயில், பள்ளிவாசல் எல்லாம் ஒண்ணு ரெண்டு கிலோமீட்டருக்குள்ள. நடக்கதுக்கு இதை விடத் தோதான மாவட்டம் தமிழ்நாட்டுலயே கம்மி. காலேஜ் பிள்ளைகள் முதல் பென்ஷன்காரர் வரை எல்லாரும் ரெண்டு சக்கர வண்டியில போற மாவட்டமும் இதுதான்.

ஏன்? பழைய வில்லுவண்டிப் பாதையிலயே தார் போட்டோம். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் ஓடை. நடுவுல பஸ்ஸும் டாரஸும் உரசிக்கிட்டுப் போகுது. நடக்கிறவனுக்குன்னு ஒரு முழம் எடம் விடல. மார்த்தாண்டத்துலயும் பார்வதிபுரத்துலயும் மேம்பாலம் வந்துச்சு, நல்லதுதான், வண்டி சீக்கிரம் போகுது. கீழ ரோட்டைக் கடக்கிற பாட்டிக்கு என்ன வந்துச்சுன்னு யாராவது கேட்டோமா?

நடைபாதை இருக்கிற எடத்துலயும் பாருங்க. இந்தியச் சாலைக் குழுமத்தோட விதிப்படி நடக்கிற அகலம் தடையில்லாம குறைஞ்சது 1.8 மீட்டர் இருக்கணும், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல போகக்கூடாது. நம்ம ஊர்ல ஓடைக்கு மூடி போட்டு, அதை முக்கால் முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வச்சு நடைபாதைன்னு பேரு வச்சிருக்கோம். முட்டி தேஞ்ச அம்மா அதுல எப்படி ஏறுவா? ஏறினா நடுவுல மின்மாற்றி. எறங்கு. திரும்ப ஏறு. அவ ரோட்டுலயே நடந்துட்டுப் போவா.

2022-ல இந்தியாவுல சாலை விபத்துல செத்தவங்க 1.68 லட்சம் பேர். அதுல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தர் நடந்து போனவர். அந்த அம்மா டாரஸைப் பத்திச் சொன்னது சும்மா சாக்கு இல்ல.

இன்னொரு கணக்கு. லான்செட் குளோபல் ஹெல்த்ல 2024-ல வந்த ஆய்வு சொல்லுது: 2022 நிலவரப்படி இந்தியாவுல வயசுக்கு வந்தவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதுமான உடலுழைப்பு இல்ல. ஆண்கள் 42 சதவீதம், பெண்கள் 57 சதவீதம். போதுமானதுன்னா ரொம்பப் பெருசா ஒண்ணும் இல்ல, வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடக்கிறது. இந்த ஆண் பெண் வித்தியாசத்தைச் சோம்பேறித்தனம்னு எழுதினா நான் ஒத்துக்க மாட்டேன். ஆம்பிளை லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கும் ஜங்ஷன் வரை நடந்துட்டு வருவான். அவளுக்கு வெளிச்சம் வேணும், பேச்சு வாங்காத தெரு வேணும், வீட்டு வேலை முடியணும்.

அரசு ஒண்ணும் செய்யலையான்னா, செஞ்சிருக்கு. 2023 நவம்பர் 4-ல சுகாதாரத்துறை "நடப்போம் நலம் பெறுவோம்"னு 38 மாவட்டத்துலயும் ஆளுக்கொரு 8 கிலோமீட்டர் நடைப்பாதையைத் தொடங்குச்சு. வரவேற்கிறேன். ஆனா மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் இருந்தா, அங்க போய்ச் சேரவே பாதிப் பேருக்கு வண்டி வேணும். எனக்கு வேண்டியது வீட்டுல இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் உள்ள 800 மீட்டர். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் விட்டதுல எத்தனை பேர் ஆட்டோவை விட்டுட்டு ஸ்டாப் வரை நடக்காங்க தெரியுமா? சுகாதாரத்துறை பேர்ல வராத சுகாதாரத் திட்டம் அது.

எடம் கொடுத்தா ஜனம் நடக்கும். சென்னை பாண்டி பஜார்ல 2019-ல நடைபாதையை அகலப்படுத்தினப்புறம் சாயங்காலம் போய்ப் பாருங்க. கொலம்பியாவுல பொகோட்டான்னு ஒரு நகரம், 1974-ல இருந்து ஞாயித்துக்கிழமைக் காலையில நூறு கிலோமீட்டருக்கு மேல ரோட்டை வண்டிக்கு அடைச்சு ஜனங்களுக்கு விடுது. வெளிநாடு எதுக்கு, நம்ம சிவாலய ஓட்டம் இல்லையா?

தெரியாதவங்களுக்கு: மகாசிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலையில தொடங்கி திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயம். நூறு கிலோமீட்டருக்கும் மேல. காவி கட்டி, கையில பனையோலை விசிறியோட, "கோவிந்தா கோபாலா"ன்னு கூப்பிட்டுக்கிட்டு ஓட்டமும் நடையுமா போவாங்க. சிவன் கோயிலுக்குப் போறவன் கோவிந்தான்னு கூப்பிடுற ஊரு நம்ம ஊரு. வழி முழுக்க மோர், பானகம், கஞ்சி, கிழங்கு. வண்டிக்காரன் ஒதுங்கி வழி விடுவான். அந்த ரெண்டு நாள் மட்டும் ரோடு நடக்கிறவனுக்குச் சொந்தம். வருஷம் முழுக்க லிப்ட் தேடுற என் பேஷண்டுகள் சிலர் அன்னைக்கு திற்பரப்பு தாண்டி ஓடிட்டு இருப்பாங்க. (சுகர், பிரஷர் இருந்தா முன்னாடியே காட்டிட்டு ஓடுங்க. தார் சூட்டுல வெடிச்ச காலோட வந்து நிக்காதீங்க.) இப்ப நிறைய பேர் அதையும் பைக்லயே முடிச்சுடறாங்க, அது வேற வருத்தம்.

கடைசியா இன்னொரு டாக்டர். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை எலும்பு முறிவு நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். விபத்துல நொறுங்கி வர்றவங்களுக்கு வைத்தியம் பாக்கிறவர், 2012-ல சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்குல 2025 மே 14-ல நீதிமன்றம் சொன்னது: தடையில்லாத நடைபாதையைப் பயன்படுத்துறது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தர்ற வாழ்வுரிமையில அடங்கும். மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்துற மாதிரி இருக்கணும், ஆக்கிரமிப்பை எடுக்கணும், மாநிலங்கள் வழிமுறை வகுக்கணும்.

எழுத்துல வந்தாச்சு. 1865-லயும் எழுத்துல வந்துச்சு. "இது நெடுஞ்சாலைத் துறை ரோடு", "அது பேரூராட்சி ரோடு", "இது பஞ்சாயத்து"ன்னு இப்பவே ஆரம்பிச்சுட்டாங்க. ராஜவீதி, கிராமவீதி ஞாபகம் வருதா?

அதனால ஒரு வேலை சொல்றேன். உங்க வீட்டுல இருந்து பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், இதுல ஏதாவது ஒரு பாதையை அளவுநாடாவோட நடந்து பாருங்க. எங்க 1.8 மீட்டர் இல்ல, எங்க லைட் இல்ல, எங்க கடக்க முடியலன்னு ஒரு பக்கத்துக்கு எழுதுங்க. பஞ்சாயத்துன்னா கிராம சபையில கொடுங்க. நவம்பர் 1 நம்ம மாவட்டம் பிறந்த நாள், அன்னைக்கு கிராம சபையும் உண்டு. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சின்னா உங்க வார்டு கவுன்சிலர். நான் எங்க தெருவுக்கு அளந்துட்டேன். 400 மீட்டர்ல தடையில்லாம நடக்கிற மாதிரி இருக்கது மொத்தமே 60 மீட்டர்.

அந்த அம்மா இந்த வாரம் திரும்ப வந்தாங்க. இப்ப தினமும் நடக்காங்களாம். எங்கன்னு கேட்டேன்.

"தேர் ஓடுக தெருவுலதான். காலைல அஞ்சு மணிக்கு மவன் பைக்குல கொண்டு விடுவான். கோயிலைச் சுத்தி நாலு சுத்து. ஆறரைக்கு மேல முடியாது மக்களே, வண்டி வந்துரும்."

மூணு மாச சராசரி ரெண்டு மாசம் கழிச்சுத்தான் பாக்கணும்.